சுப்ரஜா எந்த ஊர்?

2-6-1994
நுழைவுத் தேர்வு மதிப்பெண் வந்துவிட்டது. சுப்ரஜாவுக்கு என்னைவிட அதிகம். அப்பா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

சுப்ரஜா நடராஜ் பெரியப்பாவின் மூத்த மகள். பெரியப்பாவுக்குத் திருவனந்தபுரத்தில் வங்கி வேலை. அவள் பிளஸ் டூ வரை படித்ததும் அங்கேதான். இந்தத் தேர்வுக்காகத் திருநெல்வேலி வந்து எங்கள் வீட்டில் தங்கியிருக்கிறாள். எனக்கும் அவளுக்கும் ஒரே அறை, ஒரே மின்விசிறி, மருத்துவப் படிப்புக்கு ஒரே பட்டியல்.

போன வருடம் கடைசியாக இடம் கிடைத்தவரின் மதிப்பெண்ணும் என்னுடையதும் கிட்டத்தட்ட ஒன்று. எனக்கு மேலே ஒரு பெயர் குறைந்தாலும் நல்லது. இதை எழுதவே கூசுகிறது.

5-6-1994
எட்டாம் வகுப்பிலிருந்து தமிழ்நாட்டில் படித்தவர்களிடம் கேள்வி இல்லை. நான் அந்த வகை. வெளியே படித்தவர்கள், தாங்கள் இந்த மாநிலத்துக்காரர்கள்தான் என்று தாசில்தாரிடம் சான்றிதழ் வாங்கிக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் மனுவே செல்லாது.

கேரளத்தில் விசாரித்தபோது, பிறந்தது இங்கே இல்லையே என்றார்களாம். தலைப்பிரசவத்துக்குப் பெரியம்மா தாய்வீடு வந்தாள். சுப்ரஜா திருநெல்வேலியில் பிறந்தாள். தொண்ணூறாம் நாள் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். எல்லா வீட்டிலும் செய்வதுதான். அது ஒரு பெண்ணை இரண்டு மாநிலத்துக்கும் வெளியே நிறுத்தும் என்று யார் நினைத்தார்கள்?

"ரெண்டு ஊருக்கும் நான் விருந்தாளி அக்கா" என்று சிரித்தாள். பிறகு வெகுநேரம் குளியலறையில் இருந்தாள்.

9-6-1994
சான்றிதழ் விசாரணைக்குத் தாலுகா ஆபீஸிலிருந்து ஆள் வருவாராம். பெரியப்பா வந்திருக்கிறார். சவரம்கூடச் செய்யவில்லை.

11-6-1994
வருவாய் ஆய்வாளர் ஞானசிகாமணி காலையிலேயே வந்தார்.

பெரியப்பா, சுப்ரஜாவின் பிறப்புச் சான்றிதழை நீட்டினார்.

"பிறந்தா போதுமா அண்ணாச்சி? ரயில்லயும்தான் பிறக்குதாங்க. ரயிலையா எழுதிக் குடுக்க முடியும்?"

"எங்க அப்பா காலத்து வீடு இந்தத் தெருவுலதான் இருந்துது."

"இப்போ?"

"வித்தாச்சு."

"அப்போ நான் எதைப் பாத்து எழுத?"

ஆய்வாளர் பேனாவை மூடப் போனவர், சுப்ரஜாவைப் பார்த்தார். "ஏ பிள்ள, உங்க சாஸ்தா எங்கன இருக்காரு?"

இந்தச் சீமையில் வீடு போகலாம், நிலம் போகலாம். பங்குனி உத்திரத்துக்குக் குலதெய்வமாக எந்தச் சாஸ்தா கோயிலுக்குப் போக வேண்டும் என்பது மட்டும் மாறாது. சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். சுப்ரஜா அவள் அப்பாவைப் பார்த்தாள். "அவுகளைப் பாக்காத. நீ சொல்லு" என்றார் ஆய்வாளர்.

நான் காப்பியுடன் நிலைப்படியில் நின்றேன். வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். அது பொய்கூட இல்லை. அம்மா அடுப்படியிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மருதடிச் சாஸ்தா. ஏரலுக்குக் கிழக்கே, ஆத்தங்கரையில" என்றேன்.

"உன்னையா கேட்டேன்?"

"எனக்கும் அவளுக்கும் ஒரே சாஸ்தாதான். பெரியப்பா பேரு கோயில் வரிக் கணக்குல வருஷா வருஷம் இருக்கு."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீயும் டாக்டருக்குத்தான் போட்டிருக்கியா?"

"ஆமா."

குனிந்து எழுதினார். காப்பியை ஆற விட்டுத்தான் குடித்தார்.

அவர் போனதும் அம்மா அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போனாள். "ஏட்டி, அவ முழிச்சிக்கிட்டு நிக்கா. ஒனக்கு என்ன வந்துது? ஒரு நிமிஷம் அந்த வாய் சும்மா கெடக்காதோ?"

நல்ல மனசால் சொன்னேன் என்று எழுத ஆசை. இல்லை. எங்கள் வீட்டுப் பெண் சாஸ்தா பேர் தெரியாமல் ஒரு அந்நியர் முன்னால் நிற்கிறாளே என்று எரிச்சல் வந்தது. எரிச்சல்தான் பேசியது.

20-6-1994
சான்றிதழ் கிடைத்துவிட்டது. பெரியப்பா இருட்டுக்கடை அல்வா வாங்கி வந்தார். எனக்கு இறங்கவில்லை.

14-7-1994
ஏன்தான் சொன்னேன்? அவளோடு சரியாகப் பேசுவதில்லை. அவள் தேய்த்துக் குளிக்கும் சோப்பின் வாசனைகூட எனக்குப் பிடிக்காமல் போய்விட்டது. நூலகத்திலிருந்து எடுத்து வந்த நாவலும் ஓடவில்லை. ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன்.

18-8-1994
சென்னையில் பட்டியலைப் பார்த்துவிட்டுக் கணேஷ்ராம் மாமா போன் செய்தார். சுப்ரஜாவுக்கு இடம். அதுவும் திருநெல்வேலியிலேயே. நான் காத்திருப்போர் பட்டியலில்.

அம்மா என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

30-9-1994
காத்திருப்போர் பட்டியலை மூடிவிட்டார்கள். எனக்கு இரண்டு பேர் முன்னால் நின்றுவிட்டது. அப்படியானால் அவள் இல்லாவிட்டாலும் எனக்குக் கிடைத்திருக்காது. அப்பா இந்தக் கணக்கை இரண்டு முறை சொன்னார். ஆறுதலாக இருக்க வேண்டும். இல்லை.

16-10-1994
சுப்ரஜா எங்கள் வீட்டிலிருந்துதான் கல்லூரிக்குப் போய் வருகிறாள். உடற்கூறு வகுப்பின் மருந்து வாடை தலைமுடியில் ஏறியிருக்கிறது. சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே வைத்துவிடுகிறாள். இன்று அம்மா சேலையைக் கொஞ்சம் தூக்கி, "இந்த முட்டியைப் பாருட்டி, படி ஏறுனா குத்துது" என்றாள்.

"பெரிய டாக்டரா ஆன பொறகு பாக்கேன் சித்தி."

"அதுக்குள்ள நான் போய்ச் சேந்துருவேன்."

இருவரும் சிரித்தார்கள். நான் மறுபடி தேர்வு எழுதப் பணம் கட்டியிருக்கிறேன். இயற்பியல்தான் காலை வாரிவிட்டது. "நான் சொல்லித் தரேன் அக்கா" என்று பட்டியலை மூடிய அன்றே அவள் சொன்னாள். காது கேளாததுபோல் இருந்துவிட்டேன்.

மழை வந்து மின்சாரம் போயிற்று. அவள் அரிக்கேன் விளக்கை ஏற்றி, பாயில் தனக்குப் பக்கத்தில் இடம் விட்டு உட்கார்ந்திருந்தாள். கூப்பிடவில்லை.

இயற்பியல் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தேன்.