சாயங்காலம் வருகிறவள்

அக்டோபர் 9

பஃபலோ நகரத்தில் இந்த வருடம் பனி சீக்கிரமே வந்துவிட்டது. ஏரிக்காற்றில் காது மடல் எரிகிறது.

ஆய்வுக்கூடத் தலைவர் டாக்டர் ஹால்டேன் கூப்பிட்டுச் சொன்னார்: "தோல் மருத்துவத்துல மேற்படிப்புக்கு இடம் கேக்கறவங்க எல்லாருமே கெட்டிக்காரங்கதான், லீனா. ஆய்வுக் கட்டுரை வந்திருக்கா, வார்டுப் பயிற்சில என்ன தரம், இந்த ரெண்டையும்தான் பாப்பாங்க. ஒண்ணு குறைஞ்சாலும் கதவைச் சாத்திடுவாங்க."

எனக்கு இரண்டுமே வேண்டும். காலையில் பொது மருத்துவ வார்டு, நாலு மணிக்கு மேல் ஆய்வுக்கூடம். அறைத்தோழி சிமோன் சிரிக்கிறாள்: "ரெண்டு படகுல கால் வெச்சவ கதை தெரியும்ல?" தெரியும். எனக்கு நீச்சலும் தெரியும்.

அக்டோபர் 13

என் பொறுப்பில் மிஸஸ் ரஸ்க் என்ற அம்மாள். முப்பது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். இதயம் பலவீனம், கால் இரண்டும் தூணாக வீங்கியிருக்கின்றன. கதை சொல்ல ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார். மாணவர்கள் சாயங்காலம் இன்னொரு முறை போய்ப் பார்க்க வேண்டும் என்பது வழக்கம். நான் போகவில்லை. ஆய்வுக்கூடத்தில் ஸ்லைடுகள் காத்திருந்தன.

அக்டோபர் 17

காலையில் மிஸஸ் ரஸ்க், "நேத்து சாயங்காலம் நாம சிரிச்ச சிரிப்புல பக்கத்து ரூம்காரன் செவுத்தத் தட்டிட்டான், பாத்தியா!" என்றார்.

நேற்று சாயங்காலமா? வயதானவர், மருந்து மயக்கம். தலையாட்டிவிட்டு வந்தேன்.

அக்டோபர் 20

நர்ஸ் லொரெய்ன் நடைபாதையில் நிறுத்தினாள். "அந்தம்மாவுக்குத் தலை சீவி விட்டியே, பின்னல்கூடப் போட்டிருந்தியே. இந்தக் காலத்துல எந்த மாணவி செய்வா?"

நானா?

போய்ப் பார்த்தேன். வெள்ளை முடி இரண்டு பின்னலாக, இறுக்கமாக, அழகாக. எனக்குப் பின்னல் போடவே தெரியாது.

அக்டோபர் 24

வார்டின் சீனியர் டாக்டர் ப்ரூயிட், பயிற்சியின் பாதியில் தரும் மதிப்பீட்டைச் சொன்னார். "நோயாளிகிட்ட உக்காந்து பேசறதுல இந்த பேட்ச்லயே உன்னை அடிச்சுக்க ஆளில்ல."

மறுக்கவில்லை.

நவம்பர் 2

ஆய்வு நன்றாகப் போகிறது. ஹால்டேன் முதல்முறையாகத் தோளில் தட்டினார்.

வார்டில் மிஸஸ் ரஸ்க் முகம் வெளிறிப் படுத்திருந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "என் பஸ்ல வந்த அந்தக் குழந்தையப் பத்தி உன்கிட்ட மட்டும்தான் சொன்னேன். யார்கிட்டயும் சொல்லிடாத" என்றார்.

"எந்தக் குழந்தை?"

அந்த முகம் சுருங்கியதே... அறைந்தால்கூட அப்படிச் சுருங்கியிருக்காது. "திரும்பச் சொல்ல வைக்காத கண்ணு. ஒரு தடவை சொன்னதுக்கே நெஞ்சு தாங்கல."

யாரிடம் சொன்னார்? என் பெயரில் வந்து கேட்டுக்கொண்டது யார்? நான் அந்த நேரம் ஆய்வுக்கூடத்தில். ஹால்டேன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தூக்கத்தில் நடந்தேன் என்றும் சொல்ல முடியாது.

நவம்பர் 8

இன்று ஆய்வுக்கூடத்துக்குத் தலைவலி என்று சொல்லிவிட்டு, ஐந்து மணிக்கு வார்டுக்குப் போனேன். கதவுக்கு வெளியே இரண்டு முறை நடந்தேன். எதற்குத் தயங்க வேண்டும்? என் நோயாளி, என் வார்டு.

மிஸஸ் ரஸ்க் என்னை நிதானமாகப் பார்த்தார்.

"இன்னிக்கு நீயா? அவ எங்க?"

"எவ?"

"தலை சீவி விடுவாளே. உன்னை மாதிரியேதான் இருப்பா." கொஞ்சம் தயங்கினார். "நீ காலைல வர்றவ. நின்னுக்கிட்டே பேசறவ."

நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். அவர் பார்வை என்னைத் தாண்டிக் கதவுக்குப் போயிற்று.

"கோச்சுக்காத கண்ணு. நீ இருந்தா அவ வரமாட்டா. போறியா?"

எழுந்து வந்துவிட்டேன். லிஃப்டுக்குக் காத்திருந்தபோது அந்த அறையிலிருந்து மிஸஸ் ரஸ்க் சிரிக்கும் சத்தம் கேட்டது. நிறுத்தி, யாரோ சொல்வதைக் கேட்டுவிட்டு, மறுபடி சிரிப்பது போல.

திரும்பிப் போய்ப் பார்த்திருக்கலாம். படிக்கட்டில் இறங்கி ஓடினேன்.

நவம்பர் 10

மிஸஸ் ரஸ்க் நேற்று சாயங்காலம் போய்விட்டார்.

மகள் ஈவெட் காலையில் அறையைக் காலி செய்ய வந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் கட்டிக்கொண்டு அழுதாள். "நான் பனியில மாட்டிக்கிட்டேன். வந்து கதவைத் திறக்கறப்போ நீங்க அம்மா கையைப் பிடிச்சுட்டு இருந்தீங்க. அம்மா உங்க காதுல ஏதோ சொன்னாங்க. நான் கிட்ட வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுபோச்சு. என்ன சொன்னாங்க, டாக்டர்?"

ஏதாவது சொல்லியிருக்கலாம். 'உங்க மேல உயிரா இருந்தாங்க' என்று சொன்னால் யாருக்கு நஷ்டம்? நாக்கு நுனிவரை வந்தது.

"எனக்குத் தெரியாதுங்க. நான் அங்க இல்ல."

அவள் கை என் தோளிலிருந்து மெல்ல இறங்கியது. "என் கண்ணால பாத்தேன். சொல்லக்கூடாதுன்னு அம்மா சொன்னாங்களா? அப்படின்னா அதையாவது சொல்லுங்க."

"நான் இல்லீங்க. சத்தியமா நான் இல்ல."

அவள் செருப்புகளையும் மூக்குக்கண்ணாடியையும் பையில் போட்டுக்கொண்டு போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

ஒரு தாயின் கடைசி வார்த்தை. அதை யார் வாங்கிக்கொண்டு போனது? எங்கே வைத்திருக்கிறாள்?

நவம்பர் 16

ப்ரூயிட்டிடம் போய், எனக்கு நீங்கள் சொன்ன பாராட்டும் அதற்கான தரமும் வேண்டாம், சாயங்காலங்களில் நான் வார்டில் இருந்ததே இல்லை என்று சொன்னேன்.

"லொரெய்ன் பாத்திருக்கா. நானே ரெண்டு தடவை பாத்திருக்கேன். உன்னைக் கூப்பிட்டேன், நீ நிமிரல. அவ்வளவு கவனமா அந்தம்மா பேசறதைக் கேட்டுட்டு இருந்த." பேனாவை மூடினார். "முதல் மரணம் எல்லாரையும் ஆட்டும். வீட்டுக்குப் போய்த் தூங்கு."

தரம் வந்துவிட்டது. முதலிடம்.

நவம்பர் 17

சிமோனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "இப்ப அவ யார்கூட இருக்கா?" என்றாள்.

நவம்பர் 20

இனி சாயங்காலம் வரமுடியாது என்று ஹால்டேனிடம் சொன்னேன்.

"கரை தெரியற நேரத்துல குதிக்கறியே! கட்டுரை இல்லாம தோல் துறைல உன்னைத் திரும்பிக்கூடப் பாக்கமாட்டாங்க."

"தெரியும், டாக்டர்."

"வார்டுலதான் முதலிடம் வாங்கியாச்சே. அங்க இன்னும் என்ன வேலை?"

என் ஸ்லைடுகளை அடுத்த மாணவனிடம் கொடுத்துவிட்டேன்.

நவம்பர் 21

சாயங்காலம் வார்டு. நான் அதுவரை பார்த்திராத ஒரு நோயாளிப் பெண்மணி, "இவ்வளவு சீக்கிரம் திரும்பி வந்துட்டியா?" என்றார்.

டிசம்பர் 4

உட்கார்கிறேன். பேசினால் கேட்கிறேன். பேசாவிட்டால் சும்மா இருக்கிறேன். பாதிப் பேர் என்னை ஏற்கெனவே தெரிந்தவர்கள்போல ஆரம்பிக்கிறார்கள். எதையோ எதிர்பார்த்துப் பார்க்கிறார்கள், பிறகு ஏமாந்துபோகிறார்கள். எழுந்து ஓடிவிடலாம்போல இருக்கிறது.

ஓடவில்லை.

பிப்ரவரி 11

அறுவை சிகிச்சை வார்டில் நடுத்தரம். இந்த முறை அது என் தரம்.

அடுத்த செப்டம்பர் 22

மேற்படிப்பு விண்ணப்பம் அனுப்பியாயிற்று. பொது மருத்துவம். அம்மா ஃபோனில், "தோல் டாக்டர்னு ஊரெல்லாம் சொல்லிட்டேனேடி" என்றாள்.

மார்ச் 18

இடம் கிடைத்துவிட்டது. இதே ஊர், இதே மருத்துவமனை. சிமோனுக்கு அட்லாண்டா. சந்தோஷத்தில் இருவரும் கத்திக் கத்தித் தொண்டை போய்விட்டது.

ஜூலை 6

வேலையில் சேர்ந்து முதல் வாரம். சாயங்காலம் ஜன்னலோரப் படுக்கைக்குப் போனேன். மிஸ்டர் டோம்சாக், ஓய்வுபெற்ற தபால்காரர், நேற்றுதான் சேர்ந்தவர். இவரும் என்னைத் தெரிந்தவர்போலத்தான் ஆரம்பிப்பாரோ?

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"யாரும்மா நீ? உன்னை நான் பாத்ததே இல்லையே."

"புதுசுங்க," என்றேன்.

"அதுக்கு ஏன் அழற? உக்காரு, உக்காரு."

உட்கார்ந்தேன்.