கை பார்த்த சூடு

மார்கழி, செவ்வாய் இரவு

திருவொற்றியூரில் இன்று ஒரு வால்வு மாட்டினேன். கீசர் வெந்நீரையும் பச்சைத் தண்ணீரையும் தானே கலந்து ஒரே சூட்டில் விடுகிற வால்வு. அந்த வீட்டு அம்மாவுக்குச் சர்க்கரை வியாதி. பாதத்தில் உணர்வே கிடையாது. போன மாதம் வெந்நீர் பட்டு வெந்த கால் இப்போதுதான் ஆறியிருக்கிறது. அதனால்தான் மகன் இதை வாங்கி வந்தார்.

சூட்டை மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லி அட்டையில் போட்டிருந்தது. என்னிடம் மீட்டர் இல்லை. கையை நீட்டிப் பார்த்தேன். வெதுவெதுப்பாகத்தான் இருந்தது.

"சரியா கீதும்மா," என்று சொல்லி மூடியை இறுக்கினேன்.

"நீ சொன்னா சரிதான் நைனா," என்றார்.

வீட்டுக்கு வந்து சாப்பிட்டு முடித்ததும் என் மனைவி மல்லிகா சுக்குக் காப்பி டம்ளரைத் துணி சுற்றிப் பிடித்துக்கொண்டு வந்தாள். நான் வெறுங்கையால் வாங்கினேன்.

"இன்னா மாமா, கை சுடலியா உனக்கு? கொதிச்சிகினு கீது," என்றாள்.

சுடவில்லை. இருபது வருடமாகச் சூடு பண்ணிய பைப்பைப் பிடித்துக் காய்த்துப்போன கை.

உடனே அந்தம்மாவுக்கு போன் போட்டேன். அணைத்து வைத்திருக்கிறார். மகனுக்கு மணலி ஆலையில் நைட் ஷிப்ட், உள்ளே போன் விடமாட்டார்கள். மார்கழியில் அந்தம்மா நாலரைக்கே குளித்துவிடுவார். நாலு மணிக்குள் போய்க் கதவைத் தட்ட வேண்டும்.

மல்லிகாவையும் கூட்டிப்போக வேண்டும். தண்ணீரில் வைத்துப் பார்க்க அவள் கை வேண்டும்.