குருசடி வளைவில் மிளா இல்லை

மே 12, செவ்வாய்

மூடுபனி. வைப்பர் இடது பக்கம் மட்டும் ஓடுகிறது. ஓட்டுகிற நான் இருப்பது வலது பக்கம். அப்பாவிடம் சொன்னேன். "நான் மட்டும் என்ன, அப்படியேதான ஓட்டுனேன்" என்றார்.

அவருக்குக் கண் ஆபரேஷன் ஆனதிலிருந்து ஜீப் என் கையில். ஆனைக்கரையில் பெண்களை ஏற்றி ஏலத்தோட்டத்தில் இறக்க வேண்டும், சாயங்காலம் திரும்பக் கூட்டிவர வேண்டும். பி.காம். முடித்து கேரள அரசு வேலைக்கான பி.எஸ்.சி. பரீட்சைக்குப் படிக்கிற பெண்ணுக்கு இது வேலையா என்று அம்மாவுக்கு வருத்தம். எனக்கு இல்லை. ஓட்டும்போது யாரிடமும் பேச வேண்டாம். ரோட்டைப் பார்த்தால் போதும்.

வாங்க: சொட்டு மருந்து, பிரேக் ஆயில், உளுந்து, நீலப் பேனா.

ரோட்டோரம் மாதா குருசடி இருக்கிற வளைவில் ஏப்ரல் முழுக்க மிளா என்கிற கடமான் நின்றது. சில நாள் நாலைந்து, சில நாள் அதற்கும் மேலே. ஒன்றுக்கு இடது காது கிழிந்து இரண்டாகத் தொங்கும். கூடவே ஒரு குட்டி. ஹெட்லைட் பட்டால் கண் பச்சையாக மின்னும், ஆனால் ஓடாது. நான்தான் நிறுத்திக் காத்திருக்க வேண்டும். மாடு அளவுக்கு உடம்பை வைத்துக்கொண்டு, தெரியாத வீட்டுக் கல்யாணத்தில் வந்து நிற்பது போல ஒரு கூச்சம் அதுக்கு. அதனாலேயே பிடித்திருந்தது.

போன வாரம் ஒன்றிரண்டு. இந்த வாரம் சுத்தமாக இல்லை.

இன்று வளைவில் மெதுவாக்கி எட்டிப் பார்த்தேன். பின்னாலிருந்து செல்வமேரி அக்கா: "என்ன புள்ள, மாதாகிட்ட மாப்ள கேக்குறியா? கேளு கேளு, நாங்க காத்திருக்கோம்." எல்லாரும் சிரிப்பு.

"இல்லக்கா. இங்க மிளா நிக்கும். இப்ப ஒண்ணையும் காணோம்."

இந்த ஜீப்பில் நான் பேசிய முதல் முழு வாக்கியம். அதற்கே காது சூடாகிவிட்டது.

மே 13, புதன்

வெயில். தோட்டத்தில் கவாத்து நடக்கிறது. மழை பிடிப்பதற்குள் நிழல் மரங்களின் கிளையைக் கழிக்க வேண்டும், இல்லாவிட்டால் ஏலச்செடி அழுகும். பலாக்கிளை விழுந்தால் பெண்களுக்குக் குஷி. ஆட்டுக்குக் குழை. சாயங்காலம் ஜீப் தலையில் பச்சையாக ஒரு மலை. கண்ணாடி வழியே தொங்கும் இலைக்கு நடுவில்தான் ரோடு தெரியும்.

காலையில் பின்சீட்டுப் பேச்சு:

"ஒரு மிளாவக் கூடக் காணோமாம்ல."

"யாரு சொன்னா?"

"ஜெனிதான் சொல்லுச்சு. படிச்ச புள்ள. தெனம் பாக்குறா."

"எங்க போயிருக்கும்? குருசடிக்குக் கீழ யாரு குடியிருக்கா, அத யோசி."

"பெங்காலி."

"வாசல்ல கம்பி கட்டி வச்சிருக்கான். நான் கண்ணால பாத்தேன். சுருக்குக் கம்பி."

வடக்கிலிருந்து யார் வந்தாலும் இங்கே பெங்காலிதான். சோம்ரா ஜார்க்கண்ட்காரர். மனைவி சுனிதா, கைக்குழந்தை ஒன்று. பழைய தொழிலாளர் லயத்தில் கடைசி முறி, ஒற்றை அறை. இரண்டு பேருக்கும் இதே தோட்டத்தில்தான் வேலை.

அந்தக் கம்பி எங்கள் ஜீப்பின் பழைய கிளட்ச் கேபிள். நோன்புக் காலத்தில் அப்பா புதுசு மாற்றியபோது பழையதைச் சோம்ராவிடம் கொடுத்தார். துணி காயப்போட. ஸ்பானரைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றது நான்.

ஜீப்பில் வாயைத் திறக்கவில்லை. வளைவு வந்தது, போனது.

உளுந்து மறந்துவிட்டேன்.

மே 14, வியாழன்

குருசடியில் சுனிதா கைகாட்டினாள். நிறுத்தினேன். முதுகில் குழந்தை. பின்னால் யாரும் ஒரு இஞ்ச் நகரவில்லை. எல்லாருக்கும் திடீரென்று வெளியே வேடிக்கை பார்க்க என்னவோ இருந்தது. அவள் ஒரு காலைப் படியில் வைத்தபடி நின்றாள்.

"முன்னாடி வாங்க" என்றேன்.

முன்னால் இருந்த இரண்டு பேரும் இறங்கிப் பின்னால் போய் நெருக்கிக்கொண்டார்கள். முன்சீட் முழுவதும் காலி. அவ்வளவு இடத்திலும் சுனிதா ஓரத்தில்தான் உட்கார்ந்தாள். குழந்தை கியர் குமிழைப் பிடிக்கக் கை நீட்டியது. பிடித்துக்கொள்ளட்டும் என்று தேர்ட் கியரிலேயே கொஞ்ச தூரம்.

தோட்டம் நெருங்கும்போது அவள், ரோட்டைப் பார்த்துக்கொண்டே: "மிளா நாங்க இல்லே, சேச்சி."

என்னைவிடப் பெரியவள். என்னைப் போய்ச் சேச்சி, அக்கா என்கிறாள்.

"தெரியும்" என்றேன். எஞ்சின் சத்தத்தில் அவளுக்காவது கேட்டதா தெரியாது.

சாயங்காலம் சூப்பர்வைசர் பேபிச்சன் சார் டிரிப் சீட்டில் கையெழுத்துப் போட வந்தார். கையில் சுருட்டிய கேபிள். அறுத்து எடுத்திருக்கிறார். "ஃபாரஸ்ட்காரர் வந்தால் எஸ்டேட்டுக்குத்தான் கேடு. சனியாழ்ச்ச அவங்க முறி ஒழியணும்னு சொல்லியாச்சு. மோளே, நீ பறஞ்சது நன்னாயி."

சனிக்கிழமை அவர்கள் அறையைக் காலி செய்ய வேண்டுமாம். நான் சொன்னது நல்லதாகப் போயிற்றாம். கேபிளின் நுனியில் துணிக் கிளிப் ஒன்று, ரோஸ் கலர், இன்னும் கடித்துக்கொண்டிருந்தது.

வீட்டில் சொன்னேன். அப்பா கட்டிலில், கண்ணில் மருந்து, மூடியபடி.

"கேபிள் நான் குடுத்ததுன்னு சொன்னா பேபிச்சன் என்னையும் கூப்பிடுவான். கூப்பிட்டா ஜீப்பப் பாப்பான். எத்தன பேர ஏத்துறோம்னு எண்ணுவான். அப்பறம் நீ என்னத்த ஓட்டுவ?"

தப்பாக எதுவும் சொல்லவில்லை. ஜீப் நின்றால் வீடு நிற்கும்.

கொஞ்ச நேரம் கழித்து, கண்ணைத் திறக்காமலே: "அந்தப் பய நல்லவன். டயர் மாத்துறப்ப கூட நின்னான்." சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மே 15, வெள்ளி

ராத்திரி மழை. ரோடெல்லாம் இலை.

சுனிதா ஏறவில்லை. சாமான் கட்டுகிறார்களாம். எங்கே போவார்கள் என்று யாரும் கேட்கவில்லை. நானும்தான்.

செல்வமேரி அக்காவுக்குக் காலையிலேயே கோபம். அவருடைய கவலை வேறு.

"முந்தாநாள் சாயங்காலம் கேரியர்ல எடம் இல்லன்னு குழையச் சேலக் கிழிசல்ல கட்டி மேல்காட்டுலயே வச்சுட்டு வந்தேன்டி. நேத்து காலையில பாத்தா வெறுங் குச்சி. அதுக்கு மொத நாளும் அதே கத. எந்தச் சனியன் ஆடு மேஞ்சதோ."

"பெங்காலி ஆடா இருக்கும்."

"அவன்கிட்ட ஏதுடி ஆடு?"

"அப்ப பிடிச்ச மிளாவக் கட்டிப் போட்டு உன் குழையக் குடுத்து வளக்குறானோ என்னவோ."

ஜீப் குலுங்கச் சிரிப்பு. நான் சிரிக்கவில்லை. அடுத்த வளைவில் கியர் மாற்ற மறந்து வண்டி இழுத்தது.

இறக்கிவிட்டு வழக்கமாக ஜீப்பிலேயே உட்கார்ந்து படிப்பேன். இன்று புத்தகத்தை வைத்துவிட்டு மேல்காட்டுக்கு நடந்தேன். அட்டை கடித்தது, இரண்டு இடம்.

பார்த்தவை:
பலாக்குச்சிகள், இலை இல்லாமல்.
பாதி வெட்டித் தொங்கும் கிளை. என் தலைக்கு மேலே வரைக்கும் இலை உருவியிருக்கிறது. ஆடு எட்டாது.
சேற்றில் பிளந்த குளம்பு, என் உள்ளங்கை நீளம்.
புழுக்கை. பெரிசு. புதுசு.

அங்கேயே ஒரு கல்லில் உட்கார்ந்தேன். ஏப்ரலில் கவாத்து கீழ்காட்டில் நடந்தது, குருசடியை ஒட்டி. பிறகு நடுக்காடு. இப்போது மேல்காடு. வெட்டுகிறவர்கள் மேலே ஏற ஏற, மிளாவும் குழை பின்னாலேயே ஏறியிருக்கிறது. குறையவே இல்லை. நான் ஒரே வளைவைப் பார்த்துவிட்டுக் காணோம் என்று சொல்லியிருக்கிறேன்.

சாயங்காலம் பேபிச்சன் சாரிடம் சொல்ல மனசுக்குள் வாக்கியம் தயார் செய்தேன். மலையாளத்தில் ஒன்று, தமிழில் ஒன்று. அவர் வந்தார்.

"சார்."

"எந்தா மோளே?"

"நாளைக்கு வேல உண்டா சார்?"

"சனியாழ்ச்ச என்னிக்கு இல்லாம இருந்தது?"

கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார். வீடு வரைக்கும் ஸ்டியரிங்கைத்தான் திட்டிக்கொண்டு வந்தேன்.

பேச வரவில்லை. ஓட்ட வரும்.

மே 16, சனி

இன்று குருசடி வழியே போகவில்லை. முந்தின திருப்பத்தில் மேல் ரோட்டுக்கு ஒடித்தேன்.

"ஏ புள்ள, வழி தப்பிட்ட."

"ஜெனி, எங்கடி போற?"

"விடு, தூக்கத்துல ஓட்டுது."

பதில் சொன்னால் தைரியம் போய்விடும் என்று தோன்றியது. உச்சிக்குப் போய், இறக்கம் தொடங்குகிற இடத்தில் எஞ்சினை அணைத்து நியூட்ரலில் விட்டேன். அப்பா டீசல் மிச்சம் பிடிக்கச் செய்கிற வேலை. நான் செய்யக் கூடாது என்று ஆர்டர். லைட்டையும் அணைத்தேன். விடிந்திருந்தது, பனிதான்.

சத்தமே இல்லாமல் ஜீப் இறங்கியது. டயருக்கு அடியில் சரளை மட்டும். பின்னால் ஒருத்தி "அருள் நிறைந்த மரியே" ஆரம்பித்துவிட்டாள். இரண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள். பிரேக்கில் காலை வைத்தபடி நானும் மனசுக்குள் சொன்னேன். இதை ஒப்புக்கொள்கிறேன்.

வளைந்தோம். மேல்காடு.

நின்றன. ரோட்டோரம், செடிகளுக்கு நடுவில், வெட்டிப் போட்ட கிளைகளுக்கு மேலே குனிந்து. எண்ணவில்லை. எண்ணத் தோன்றவில்லை. காது கிழிந்தது இருந்தது. குட்டி வளர்ந்திருக்கிறது.

ஜெபம் பாதியில் நின்றது. காது கிழிந்தது தலையைத் தூக்கி எங்களைப் பார்த்தது. வாயில் குழை. குழையோடு நீளமாக ஒரு பச்சைத் துணியும் தொங்கியது.

செல்வமேரி அக்கா, ரகசியக் குரலில்: "அது என் சேலக் கிழிசல்டி."

பிறகு ரகசியம் போதாமல்: "அட கொள்ளையில போவ. என் கட்டையே அவுத்துத் தின்னுருக்கு."

மிளாக்கள் அவசரப்படாமல் போயின. குட்டி கடைசி.

தோட்டத்தில் இறங்கியதும் அக்கா நேரே பேபிச்சன் சாரிடம் போய்விட்டார். "சார், உங்க மிளா ஒண்ணும் கொறஞ்சு போகல. என் குழையத் தின்னு கொழுத்துப் போய் நிக்குது. இப்ப என் ஆட்டுக்கு நான் என்ன செய்ய, அதச் சொல்லுங்க." மற்றவர்களும் ஒரே நேரத்தில். எல்லாரும் பார்த்தது ஒன்று, சொன்னது பலவிதம். கொம்பு மட்டும் ஒவ்வொருத்தருக்கு ஒவ்வொரு நீளம்.

அவர் கேட்டுவிட்டு: "சரி. அப்ப அந்தக் கம்பி?"

நான் ஜீப்பின் பக்கத்தில் நின்றேன். கதவைப் பிடித்துக்கொண்டேன்.

"அது சுருக்கு இல்ல சார். எங்க ஜீப்போட கிளட்ச் கேபிள். எங்கப்பாதான் குடுத்தாங்க. துணி காயப்போட."

தயார் செய்த வாக்கியம் இல்லை. தானாக வந்தது.

என்னைப் பார்த்தார். ஜீப்பைப் பார்த்தார். இறங்கி நிற்கிற கூட்டத்தைப் பார்த்தார். "இத்தன பேரும் இதிலயா வந்தது?"

"ஆமா சார்."

கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்தார். "திங்கள் முதல் ரெண்டு டிரிப் ஆக்கணும். முறி அவங்களுக்கே இருக்கட்டே. நான் போய்ச் சொல்றேன்."

சுனிதாவிடம் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. மத்தியானம் வேலைக்கு வந்தாளாம். பக்கத்து வரிசையில் இருந்தவள் வெற்றிலை நீட்டினாளாம். அவ்வளவுதான்.

மே 17, ஞாயிறு

பூசை முடிந்து வந்து அப்பாவிடம் எல்லாம் சொன்னேன். கேபிள் விஷயம், இரண்டு டிரிப் விஷயம். டீசலை மனசுக்குள் கணக்குப் போட்டது முகத்தில் தெரிந்தது. திட்டவில்லை.

"மேல் ரோட்டுல எப்படி எறங்குன? சத்தம் கேட்டா மிளா நிக்காதே."

"அணச்சுட்டு. நியூட்ரல்ல."

அதற்குத்தான் வந்தது கோபம். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். "அத்தன பேர வச்சுக்கிட்டா? பிரேக்கு பிடிக்கலன்னா? உனக்குச் சாவி குடுத்ததே தப்பு." அம்மா வந்து கண்ணாடியை மாட்டிவிட வேண்டியதாயிற்று.

இறைச்சிக் குழம்பு. சாப்பிட்டுப் படுத்தவர், நாலு மணி போல: "பின்சீட்டுக்கு அடியில பழைய ஆக்சிலேட்டர் கேபிள் ஒண்ணு கெடக்கும். நீளம் கம்மிதான். நாளைக்குப் போறப்ப குடுத்துரு."

கிடந்தது. துடைத்து வைத்தேன். கிரீஸ் இருந்தால் துணியில் ஒட்டும்.

மே 18, திங்கள்

நல்ல மழை. முதல் டிரிப்பில் பாதிப் பேர். இடம் தாராளம். பழக்கதோஷத்தில் எல்லாரும் ஒரு மூலையிலேயே நெருக்கி உட்கார்ந்து, பிறகு அவர்களுக்கே சிரிப்பு.

குருசடியில் சுனிதா. கேபிளைக் கொடுத்தேன். அளந்து பார்த்து, "சேலை வராது. குட்டிச் சட்டை வரும்" என்றாள். முன்சீட்டில் முன்பே இருந்தவள் இறங்கவில்லை. நகர்ந்து குழந்தையை வாங்கிக்கொண்டாள்.

கவாத்து நாளையோடு முடிகிறது. அதற்குப் பிறகு மிளா எங்கே போகும் என்று தெரியாது.

வளைவில் மெதுவாக்கினேன். பின்னாலிருந்து செல்வமேரி அக்கா: "என்ன புள்ள, இருக்கா?"

"இல்லக்கா."

"அதான பாத்தேன். மேல ஓசிச் சோறு நடக்கையில இங்க என்ன வேல."

சிரிப்பு. சுனிதா என் முழங்கையைத் தொட்டாள். குருசடிக்குப் பின்னால், நனைந்த பெரணிச் செடிக்குள், ஒரு காது. கிழிந்தது. பக்கத்தில் இன்னொன்று, சின்னது.

அவளைப் பார்த்தேன். அவளும் ஒன்றும் சொல்லவில்லை.

செகண்ட் கியர் போட்டு, கிளட்சை மெதுவாக விட்டேன்.