வலது சக்கரத்துக்கு விட்ட எண்ணெய்

ஏங்க,

அக்கா வீட்டுக்குப் பஸ்ஸில் போகிறேன். சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். காரைத் தொடாதீர்கள். சாவி மெக்கானிக்கிடம் இருக்கிறது.

பிரேக் போட்டால் வண்டி இடது பக்கம் இழுக்கிறது என்றால், "ரோடு சரிவா இருக்கு, சும்மா வா" என்கிறீர்கள். நேற்று இறங்கியதும் முன்சக்கரங்களைத் தொட்டுப் பார்த்தேன். இடது சுட்டது. வலது பச்சைத் தண்ணீராய் இருந்தது. அந்தப் பக்கம் பிரேக்கே பிடிக்கவில்லை. கிரீச்சென்று கத்துகிறது என்று அந்த பிரேக்குக்குத் தையல் மிஷின் எண்ணெய் விட்டது யார்?

நாலு மணிக்கு மெக்கானிக் வருவார். உண்மையைச் சொல்லுங்கள். சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும்.

பி.கு.: நேற்று வண்டி சுவர்ப் பக்கம் பாய்ந்தபோது, ஸ்டியரிங்கை விட்டுவிட்டு எனக்குக் குறுக்கே கையை நீட்டினீர்கள். நான் கத்தியது அதற்குத்தான். இனிமேல் ஸ்டியரிங்கைப் பிடியுங்கள். நான் எங்கேயும் போய்விட மாட்டேன்.