சிக்னலில் தூங்கும் வண்டி

மார்ச் 3, திங்கள்

ஓட்டுநர் உரிமம் கைக்கு வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, அதற்குள் ஆஸ்பத்திரியில் அறிவிப்பு ஒட்டிவிட்டார்கள். வீடு தேடிப் போய் நோயாளிகளைப் பார்க்க ஒரு நர்ஸ் வேண்டுமாம். பகல் வேலை மட்டும். டிரைவர் தரமாட்டார்கள், வண்டியை நாமே ஓட்ட வேண்டும். இருபது வருஷமாக நைட் டியூட்டி பார்த்துக் கண்ணுக்குக் கீழே கருவளையத்தோடு திரிகிற எனக்கு இதைவிட என்ன வேண்டும்? முதல் ஆளாகப் பெயர் கொடுத்துவிட்டேன்.

இவரிடம் சொன்னேன். "நீ ஓட்டுற வண்டியில நோயாளி யாரும் ஏற வேண்டியதில்ல, அது ஒண்ணுதான் நிம்மதி" என்கிறார். இருக்கட்டும், பார்த்துக்கொள்கிறேன்.

மார்ச் 5, புதன்

மானம் போச்சு.

ஆஸ்பத்திரி வண்டிகளுக்கு ஒரு மேலாளர் இருக்கிறார். முசுடு என்றுதான் எல்லோரும் சொல்வோம். புது வண்டியில் என்னை ஓட்டிக் காட்டச் சொன்னார். பெட்ரோலும் பாட்டரியும் சேர்ந்து ஓடுகிற வண்டி. நான் பழகியதோ டிரைவிங் ஸ்கூலின் ஓட்டை வண்டி. அதில் எஞ்சின் நின்றால் தப்பு நம்முடையது. அதற்காக எத்தனை திட்டு வாங்கியிருக்கிறேன்!

முதல் சிக்னலில் பிரேக் போட்டேன். எஞ்சின் நின்றுவிட்டது. ஐயோ, அணைச்சுட்டேனா? பதறிப்போய் ஸ்டார்ட் பட்டனை அமுக்கினேன். இருந்த உயிரும் போய்விட்டது. திரையெல்லாம் இருட்டு. பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன் — காது கிழிகிறது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

முசுடு என்னை இறக்கிவிட்டுத் தானே ஓட்டி வந்தார். "சிஸ்டர், பெட்ரோல் மிச்சம் பண்ண அது தானா நிக்கும். பிரேக்ல இருந்து காலை எடுத்தா தானா கிளம்பும். நீங்கதான் பட்டனை அமுக்கி மொத்தமா அணைச்சுட்டீங்க."

இதை முன்னாடியே சொல்லியிருந்தா வாயிலேருந்து முத்து உதிர்ந்திருக்குமா? அடுத்த வெள்ளிக்கிழமை இன்னொரு தடவை பார்ப்பாராம். அதிலும் சொதப்பினால் வேலை வேறு ஆளுக்கு.

மார்ச் 6

ஒரே ஆத்திரம்.

மார்ச் 9, ஞாயிறு

நேற்று முசுடிடமே போய் நின்றேன். "பழக வண்டி குடுக்காம பரீட்சை மட்டும் வெச்சா எப்படி சார்?" முறைத்தார். பிறகு சாவியை நீட்டினார். "ஞாயித்துக்கிழமை வண்டி சும்மாதான் நிக்குது. வீட்டுக்காரரைப் பக்கத்துல உக்கார வெச்சுக்குங்க."

காலை முழுக்க சிக்னல் சிக்னலாகப் போய் நின்றோம். எஞ்சின் அடங்கும் ஒவ்வொரு தடவையும் இவர் "நின்னுடுச்சு, நின்னுடுச்சு!" என்று அலறுகிறார். என் கையோ பட்டனைத் தேடிப் போகிறது. ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மத்தியானத்துக்குள் கை அடங்கிவிட்டது. இவர் வாய்தான் அடங்கவில்லை.

அப்புறம்தான் பிரேக் விஷயம் பிடிபட்டது. மெதுவாக அழுத்தினால் சக்கரத்தின் வேகமே மின்சாரமாகி பாட்டரிக்குப் போகிறது, திரையில் முள் பச்சைப் பக்கம் சாய்கிறது. ஓங்கி மிதித்தால் சாதா பிரேக் பிடித்துக்கொள்ளும், அத்தனையும் சூடாகி வீண். நரம்பில் மருந்து ஏற்றுகிற மாதிரிதான் அழுத்த வேண்டியிருக்கிறது, ஒரே சீராக, அவசரப்படாமல். இத்தனை வருஷமா நான் வேற என்ன செஞ்சேன்!

பிரேக்கில் எவ்வளவு மிச்சம் பிடித்தோம் என்று நூற்றுக்கு மார்க்கும் போடுகிறது வண்டி. இவரும் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார், மார்க் அறுபத்தொன்று. எனக்குத் தொண்ணூற்று நான்கு. "வண்டியில ஏதோ கோளாறு" என்றார். வயிறு வலிக்கச் சிரித்தேன்.

மார்ச் 13, வியாழன்

நாளைக்கு. சாப்பிடும்போதுகூட மேசைக்குக் கீழே கால் தானாக பிரேக் போட்டுப் பார்க்கிறது.

மார்ச் 14, வெள்ளி

ஜெயிச்சுட்டேன்! ஜெயிச்சுட்டேன்!

அதே சிக்னல். எஞ்சின் அடங்கியது. நான் அசையவில்லை. பக்கத்தில் நின்ற லாரி டிரைவர் எட்டிப் பார்த்தார். "என்னம்மா, வண்டி நின்னு போச்சா? தள்ளணுமா?"

"தூங்குதுங்க. பச்சை விழுந்தா எழுந்துக்கும்."

பச்சை விழுந்தது. காலை எடுத்தேன். கிளம்பியது பாருங்கள், லாரிக்காரர் இன்னும் கியர் போட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்தது மேட்டிலிருக்கும் தண்ணீர்த் தொட்டியிலிருந்து ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் இறக்கம். தூரத்திலேயே ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டேன். பிரேக்கில் தொட்டும் தொடாமலும் பாதம். வாசலில் வண்டி நின்றதே முசுடுக்குத் தெரியவில்லை. திரையைப் பார்த்தார். தொண்ணூற்றாறு. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"எங்க டிரைவருங்க ஒருத்தர்கூட எண்பதைத் தாண்டினதில்ல, சிஸ்டர்."

"அவங்களுக்கு ஊசி போடத் தெரியாதே, சார்."

முசுடு சிரித்தார்! வெளியே சொன்னால் ஒருவரும் நம்பப்போவதில்லை. வேலை எனக்குத்தான். அவர் உள்ளே போன பிறகு, ஜன்னல் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு வண்டிக்குள்ளேயே ஒரு கத்து கத்தினேன்.

இவரிடம் போனில் சொன்னால், "எனக்கு அப்பவே தெரியும்" என்கிறார். ஒண்ணும் தெரியாது இவருக்கு. ஆனால் போனை வைக்காமல் இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன்.

மார்ச் 24, திங்கள்

முதல் நாள். கடைசியாகப் போனது ஒரு மாடி வீடு. அங்கே ஒரு பெரியவருக்குக் காலில் ஆறாத புண், மாசக்கணக்கில் படி இறங்கவில்லை. கட்டு மாற்றி முடித்துக் கை கழுவிவிட்டு வந்தேன். அவர் மனைவி ஜன்னல் வழியாகக் கீழே நின்ற வண்டியைப் பார்த்துவிட்டு இரண்டு டம்ளர் டீ கொண்டுவந்து வைத்தார்.

"ஒண்ணு உங்க டிரைவருக்கு. பாவம், இவ்வளவு நேரமா வெளியிலேயே காத்துக்கிட்டிருப்பாரு."

இரண்டையும் நானே குடித்தேன்.