கல்சுவருக்கு முந்தைய கரை

தம்பிக்கு,

நீ கேட்டபடியே ஆகிவிட்டது, சந்தோஷப்படு. திங்கட்கிழமை நான் கோர்ட்டுக்குப் போகவில்லை. நம் வீட்டுக்கு முன்னால் நீ கட்டிய கல்சுவரை அகற்றச் சொல்லும் வழக்கில், அங்கே மணல்கரை இருந்ததற்கு நான் இருபது வருடமாக எடுத்த படங்கள் மட்டும்தான் சாட்சி. என் கரையில் நீ பாறை கொட்டியதை மன்னித்துவிட்டேன் என்று மட்டும் நினைத்துக்கொள்ளாதே.

போன புயலில் அலை சுவரைத் தாண்டவில்லை. அம்மா காலை ஏழு மணிவரை நன்றாகத் தூங்கினாள். எழுந்ததும் வழக்கைப் பற்றிச் சொன்னேன்.

"உன் படத்துக்குள்ள கட்டிலைப் போட்டுப் படுக்க முடியுமாடா?" என்று கேட்டாள்.

சுவர் முடிகிற இடத்தில் கடல் இப்போது பக்கவாட்டில் அரிக்கிறது. வழக்குப் போட்ட டீச்சரின் சமையலறை இடிந்து விழுந்துவிட்டது. நேற்று நம் வாசலில் வந்து நின்றார்.

"நீங்க வர வேண்டாம் சார், அந்தப் படங்களையாவது குடுங்க."

புயல் ஈரத்தில் எல்லாம் பாழாகிவிட்டதாகச் சொன்னேன். அவர் நம்பிவிட்டார்.

"அடடா, உங்க உழைப்பெல்லாம் போச்சே" என்று எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்.

நீயும் நானும் ஒரே அச்சு என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இனி வராது.

அண்ணன்