கடைசி வாய்ப்பு, பதினெட்டாம் தேதி

சனி, 8 நவம்பர்

தூறல். வேளச்சேரியில் எங்கள் தெருமுனையில் கணுக்கால் வரை தண்ணீர். சைதாப்பேட்டை கிளினிக்குக்கு அரை மணி தாமதம். பதினோரு பேருக்கு ரத்தம் எடுத்தேன். ஒரு பெரியவருக்கு நரம்பு கிடைக்காமல் இரண்டு முறை குத்தும்படி ஆகிவிட்டது. மன்னிப்புக் கேட்டேன். மனசு அங்கே இல்லை.

18ஆம் தேதி தொழிலாளர் கோர்ட். “கடைசி வாய்ப்பு” என்று நீதிபதி எழுதிவிட்டார். அன்றைக்குள் என் வாக்குமூலம், ஆவணங்கள், சாட்சியின் வாக்குமூலம் எல்லாம் தாக்கலாக வேண்டும். தவறினால் என் தரப்பில் சொல்ல எதுவும் இல்லை என்று மூடிவிடுவார்கள்.

என்னை வேலையைவிட்டு நிறுத்திய லேப்காரர்கள், பதில் மனு போட ஐந்து வாய்தா வாங்கினார்கள். ஐந்து தடவையும் அவர்கள் வக்கீல் எழுந்தார், குனிந்தார், தேதி கிடைத்தது. நான் கேட்டது இரண்டு. முதல் தடவை என் வக்கீலுக்கு வேறு கோர்ட். இரண்டாம் தடவை இவர், என் வீட்டுக்காரர், ஆஸ்பத்திரியில். எனக்கு இரண்டிலேயே கடைசி.

வேண்டியவை:
– வேலை உத்தரவு (வெள்ளத்தில் போயிற்று. அடையாள அட்டை மட்டும்தான்)
– பி.எஃப். தாள்
– பழைய போனில் இருக்கும் செய்திகள் (போன் செத்துக் கிடக்கிறது)
– ஏழுமலை
– வசந்தி

ஞாயிறு, 9

மழை இல்லை. துணி காய்ந்தது.

வக்கீல் ஷாஹிதா மேடம் நடந்ததை வரிசையாக எழுதிக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார். முதலில் இங்கேயே கிறுக்கிப் பார்க்கிறேன்.

அடையாறு லேப்பில் பதினான்கு வருஷம் ரத்தம் எடுக்கும் வேலை. லேப் கைமாறியது. புது முதலாளி ஒரு தாளை நீட்டினார். எல்லோரும் இன்றுமுதல் ஒப்பந்த ஊழியர்கள், பழைய சர்வீஸ் கிடையாது, கையெழுத்துப் போடு. அது வியாழக்கிழமை. நான் போடவில்லை. வெள்ளி காலை ஏழு ஐம்பதுக்குப் போனேன். வாட்ச்மேன் ஏழுமலை கேட்டைத் திறக்கவில்லை. “உன்ன உள்ள வுடக்கூடாதுன்னு சொல்லிக்கிறாங்க கலாம்மா” என்றார். சனி போனேன். திங்கள் போனேன். மூன்று நாளும் கேட்டுக்கு வெளியே நின்றபடியே மேனேஜருக்குப் போனில் செய்தி அனுப்பினேன். பதில் இல்லை.

மூன்று வருஷம் கழித்து அவர்கள் பதில் மனு சொல்கிறது: “மனுதாரர் தானாகவே வேலையை விட்டு நின்றுவிட்டார்.”

தானாகவே. இந்த ஒரு சொல்லுக்காக எத்தனை தடவை பறக்கும் ரயிலில் ஏறி இறங்கியிருக்கிறேன்.

திங்கள், 10

வசந்திக்கு மூன்று முறை போன். எடுக்கவில்லை. லேப்பில் என் பக்கத்து நாற்காலி அவளுடையது. அந்த மூன்று நாளும் மாடி ஜன்னலிலிருந்து என்னைப் பார்த்தாள். அதை மட்டும் சொன்னால் போதும்.

நான்காவது முறை போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது.

செவ்வாய், 11

மதியத்துக்கு மேல் பாலவாக்கம். ஏழுமலை இப்போது கடற்கரைப் பக்கம் ஒரு அபார்ட்மெண்டில் காவல். முன்பு சைதாப்பேட்டை ஆற்றோரம் வீடு. இடித்துவிட்டு ஊருக்கு வெளியே தூக்கிப் போட்டார்கள். இரண்டு பஸ் மாறி வருகிறார். இளைத்திருந்தார். நாற்காலியை எனக்குப் போட்டுவிட்டு நின்றார்.

“இன்னா கலாம்மா, உன் வூட்டுக்காரரு நடக்கறாரா?”

“சுவரைப் பிடிச்சு நடக்கறார். ஏழுமலைண்ணே, கோர்ட்டுக்கு வரணும்.”

முகம் மாறியது.

“என் மருமவ அந்த லேப்லதான் பெருக்கிக்கினு கீது. நான் கூண்டுல ஏறுனா அத்த வெளிய அனுப்பிடுவானுங்க. எம் புள்ள உசுரோட இல்ல, உனக்குத் தெரியும். அவ சம்பாத்தியம்தான்.”

வற்புறுத்தவில்லை. என்ன சொல்லி வற்புறுத்துவது? என் வேலை போனதற்கு அவள் வேலையையும் கொடு என்றா? கிளம்பும்போது தண்ணீர் கொடுத்தார். குடித்தேன். திருவான்மியூர் வரை பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். அவர் மேல் கோபப்படக்கூட வழியில்லை. அதுதான் ஆத்திரம்.

புதன், 12

தி.நகர். உஸ்மான் சாலைப் பக்கத்துச் சந்தில் போன் ரிப்பேர் கடை. பழைய போனைப் பிரித்துப் பார்த்த அம்மாள், “பேட்டரி உப்பிடுச்சு. உள்ள இருக்கறது வருமான்னு தெரியல. வந்தா உங்க அதிர்ஷ்டம்” என்றாள். தீபாவளி முடிந்தும் வெளியே கூட்டம் குறையவில்லை. ஒன்றரை மணி நேரம் ஸ்டூலில்.

வந்துவிட்டது.

“சார், வந்துட்டேன். கேட்ல விடல.” 7:52. அடுத்த நாள் 7:49. திங்கள் 7:50. மூன்றிலும் இரண்டு நீல டிக். படித்திருக்கிறார். பல் தேய்த்துக்கொண்டு படித்திருப்பார். காபி குடித்துக்கொண்டு படித்திருப்பார்.

ஷாஹிதா மேடத்துக்குப் போன் செய்தேன். “சந்தோஷம். தாள்ல எடுத்தா மட்டும் போதாது. கூடவே ஒரு சான்று வேணும். இந்த போன் உங்களுது, நீங்க எதையும் மாத்தலன்னு. நான் தயார் பண்றேன். நாளைக்கு வாங்க, இன்னொரு விஷயம் இருக்கு.”

என்ன விஷயம் என்று போனில் சொல்லவில்லை.

வியாழன், 13

மயிலாப்பூர். மேடம் ஆபீஸ் இரண்டாம் மாடி, கீழே ஜெராக்ஸ் கடை. லேப் தரப்பு தாக்கல் செய்த ஆவணங்களின் நகல் வந்திருக்கிறது. ஏழாவது தாளை எடுத்து என் முன்னால் வைத்தார்.

கையால் எழுதிய கடிதம். படிக்கும் முன்பே தெரிந்துவிட்டது. ரத்த மாதிரிக் குழாய் லேபிள்களில் பதினான்கு வருஷம் பார்த்த எழுத்து. “கணவரைப் பார்த்துக்கொள்ள வேலையை விட்டுவிடப் போவதாகக் கலா என்னிடம் கூறினார். இப்படிக்கு, வசந்தி.”

“பொய்தானே?” என்றார் மேடம்.

உள்ளதைச் சொன்னேன். பொய் இல்லை. அந்த வியாழக்கிழமைதான். தாளை நீட்டிய பிறகு, ஸ்டோர் ரூமில். இவருக்குப் பக்கவாதம் வந்து ஒன்பது நாள். அழுதுகொண்டே சொன்னேன்: “பேசாம விட்டுட்டு அவரைப் பாத்துக்கலாம்னு இருக்குடி.” அவள்தான் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

மேடம் பேனாவை மூடினார். “வாக்குமூலத்துல இதப்பத்தி ஒண்ணும் எழுதல. குறுக்கு விசாரணைல கேட்டா ஞாபகம் இல்லன்னு சொல்லிடுங்க. இத்தனை வருஷம் ஆச்சு. நம்புவாங்க.”

வசந்தி எழுதியது பொய்யாக இருந்தால் அவளைத் திட்டியாவது தீர்த்திருப்பேன்.

சனி, 15

காலையில் கிளினிக். ஒன்பது பேர்தான். மழை.

மதியம் ஏழுமலை வீட்டுக்கே வந்துவிட்டார். பேண்ட் முழங்கால் வரை மடித்து, செருப்பு கையில். இவர் கட்டிலில் எழுந்து உட்கார முயன்றார்.

“அதுங்கிட்டயும் அந்த பேப்பர நீட்டிக்கிறானுங்க. மருமவ பயந்துகினு போட்டுட்சு. கையெழுத்து வாங்கிகினு மறாநாளே, ஆள் ஜாஸ்தியா கீது, நீ வராதேன்ட்டானுங்க. நீ போடல, வெளிய. அது போட்டுச்சு, அதுவும் வெளிய. இன்னா நாயம் இது?”

டீ போட்டேன்.

“எங்க ரேகை வைக்கணும் சொல்லு” என்றார்.

எனக்கு ஆதாயம்தான். ஆனால் ஒரு பெண்ணின் வேலை போய்த்தான் எனக்குச் சாட்சி கிடைக்க வேண்டுமா?

ஞாயிறு, 16

வசந்தியின் கடிதத்தை இவரிடம் சொல்லாமலே இருந்திருக்கலாம். பைலைப் பிரித்து வைத்திருந்தேன். இடது கையால் எடுத்துப் படித்துவிட்டார்.

“எனக்காகவா சொன்ன?”

“ஏதோ வாய்க்கு வந்தத சொன்னேன்.”

“நான் அன்னிக்கே போயிருந்தா உனக்கு இந்தக் கேஸே இல்ல.”

சோற்றுத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டார். அவர்கள் தாக்கல் செய்த ஒரு தாள் என் வீட்டுக்குள்ளும் வந்து வேலை செய்துவிட்டது.

திங்கள், 17

கொட்டுகிற மழை. பிளாஸ்டிக் பையில் பைல், அதன் மேல் இன்னொரு பை. மந்தைவெளியில் நோட்டரி. ஏழுமலை ரேகை வைத்தார், நான் பதினேழு இடத்தில் கையெழுத்து. மேடம் ஆபீஸுக்குக் கீழே ஜெராக்ஸ் கடையில் கரண்ட் இல்லை. நாற்பது நிமிஷம் நின்றோம். கரண்ட் வந்ததும் மூன்று செட்.

மேடத்தின் குமாஸ்தா தாள்களை எண்ணிவிட்டு, “சான்றுல போனோட நம்பர் விட்டுப்போச்சும்மா” என்றார். திரும்ப இரண்டு மாடி ஏறி, திரும்ப அடித்து, திரும்பக் கையெழுத்து. இது விட்டுப்போயிருந்தால் நாளைக்கு மூன்று செய்தியும் வெறும் தாள்.

செவ்வாய், 18

மழை நின்றிருந்தது. ஏழே முக்காலுக்கே ரயில். ஏழுமலை எனக்கு முன்பே வந்து கோர்ட் வாசலில்.

பதினொன்றரைக்கு அழைத்தார்கள். வாக்குமூலம் தாக்கல். ஆவணங்கள் ஒன்பது, ஒவ்வொன்றுக்கும் எண் போட்டுச் சிவப்பு மையில் முத்திரை. மூச்சு வந்தது. தேதிக்குள் போட்டாயிற்று.

லேப் வக்கீல் எழுந்தார். வாய்தா கேட்பார் என்று நினைத்தேன். “குறுக்கு விசாரணைக்கு இன்னிக்கே தயார்” என்றார். அப்போதுதான் பின் பெஞ்சைப் பார்த்தேன். மேனேஜர். பக்கத்தில் வசந்தி.

கூண்டில் ஏறினேன். வக்கீல் வேறு என்னென்னவோ கேட்டார். கடைசியில்: “வேலைய விடப்போறதா உங்ககூட வேலை பார்த்த வசந்திகிட்ட சொன்னீங்களா, இல்லையா?”

மேடம் என்னைப் பார்க்கவில்லை, தாளைப் பார்த்தார். ஞாபகம் இல்லை. இரண்டே சொல். வாயில் தயாராக இருந்தது.

“சொன்னேன்.”

லேப் வக்கீலே எதிர்பார்க்கவில்லை. உட்காரப் போனார்.

“சொன்னது வியாழக்கிழமை. வெள்ளிக்கிழமை ஏழு அம்பதுக்கு கேட்ல நின்னேன். சனிக்கிழமை நின்னேன். திங்கக்கிழமை நின்னேன். விட்டுட்டவ எதுக்குங்க வந்து நிக்கணும்?”

“கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க” என்றார் வக்கீல்.

நீதிபதி தட்டச்சு செய்பவரிடம் திரும்பினார். “ரெண்டையும் எழுதிக்கோங்க.”

எழுதப்பட்டது. படித்துக் காட்டினார்கள், கையெழுத்துப் போட்டேன். ஏழுமலையை விசாரிக்க லேப் வக்கீல் அவகாசம் கேட்டார். கிடைத்தது. ஜனவரி. கடைசி வாய்ப்பெல்லாம் எங்களுக்குத்தான்.

வெளியே மேடம், “நான் சொன்னத சொல்லியிருக்கலாம்” என்றார். கொஞ்சம் நடந்துவிட்டு, “பரவால்ல. எழுதினது நல்லாத்தான் எழுதியிருக்கு. பாப்போம்.”

ஏழுமலை: “லீவு போட்டு வந்தா கூப்டவே இல்ல. மறுபடி ஜனவரியா? வரேன், வரேன். பொங்கலுக்கு முன்னயா பின்னயா, அத்த மட்டும் சொல்லு.”

படியில் இறங்கும்போது வசந்தி எதிரே. ஒதுங்க இடமில்லை. அவள் கண் என் கையிலிருந்த பைலில்.

“சாப்டியா கலா?”

“இன்னும் இல்ல” என்று சொல்லிவிட்டேன். சாதாரணமாக, பக்கத்து நாற்காலிக்காரியிடம் சொல்வதுபோல. பதிலே சொல்லியிருக்கக் கூடாது.